கட்டாயத்தின் பேரில் கடற்கொள்ளையரான மாலுமிகளும் நீதிமன்றங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளைக் கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள்தானா?

இல்லை. அட்லாண்டிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் கடற்கொள்ளை தலைவிரித்தாடிய 1690 முதல் 1726 வரையிலான காலத்தில் பிடிபட்ட ஒரு கொள்ளைக் கப்பலின் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தால், ஆசைப்பட்டு வந்தவர், சம்பளப் பாக்கியையும் சாட்டையடியையும் பொறுக்காமல் வந்தவர், நெற்றியில் கைத்துப்பாக்கியை வைத்து இழுத்து வரப்பட்டவர், அழுதுகொண்டே வந்து பிறகு பழகிப்போனவர் என எல்லா வகையினரும் அதில் இருப்பார்கள். அக்காலத்தில் மிகப் பெரிய பெயரெடுத்த பார்தலோமியூ ராபர்ட்ஸ்கூட, 1719இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அனோமாபு கரையருகே 'பிரின்சஸ்' என்னும் அடிமை வணிகக் கப்பலில் கீழ்நிலை அதிகாரியாக வேலை பார்த்தபோது ஹவல் டேவிஸ் என்னும் கொள்ளையனால் சிறைபிடிக்கப்பட்டவர்தான். சில வாரங்களில் டேவிஸ் கொல்லப்படவே, அதே கொள்ளையர் ராபர்ட்ஸைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிடிபட்ட நாளை மட்டும் பார்த்தால் அவர் கட்டாயத்துக்கு ஆளானவர். அடுத்த மூன்றாண்டுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இவ்வகை வழக்குகளின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்தது.

எத்தகைய ஆட்களைக் கொள்ளையர் கட்டாயப்படுத்தினார்கள்?

சாதாரண மாலுமிகளைப் பெரும்பாலும் கட்டாயப்படுத்தத் தேவையிருக்கவில்லை. வணிகக் கப்பல்களின் கூலியும் சோறும் இருந்த நிலையில், கேட்டவுடன் வரச் சிலராவது இருந்தனர். தட்டுப்பாடு தொழில் தெரிந்தவர்களுக்குத்தான். ஒழுகும் கப்பலை அடைக்கத் தச்சர், குடிநீரும் இறைச்சியும் கெடாமல் வைக்கப் பீப்பாய் செய்பவர், காயத்துக்குக் கட்டுப்போட மருத்துவர், கடலில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த அதிகாரி, பொழுதுபோக்க வாத்தியக்காரர் ஆகியோரை விடவே மாட்டார்கள்.

1694இல் ஸ்பெயின் நாட்டுக் கொருன்னா துறைமுகத்தில் ஹென்றி எவரி என்பவர் 'இரண்டாம் சார்லஸ்' என்ற கப்பலைக் கலகம் செய்து கைப்பற்றியபோது, உடன்படாதவர்கள் படகில் இறங்கிப் போகலாம் என்று விட்டுவிட்டார். பின்னர் லண்டனில் நடந்த விசாரணையில், போக விரும்பிய யாரையாவது தடுத்தார்களா என்று கேட்கப்பட்டபோது, மருத்துவரைத் தவிர வேறெவரையும் தடுக்கவில்லை என்றே சாட்சியம் வந்தது. கையில் தொழில் இருப்பது பிழைப்புக்கு நல்லது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொள்ளையரிடம் அகப்பட்டவனுக்கு அதுவே கால்விலங்கு.

கட்டாயப்படுத்துவது என்பது நடைமுறையில் எப்படி நடந்தது?

மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த மார்பிள்ஹெட் என்னும் மீனவ ஊரின் இளைஞர் பிலிப் ஆஷ்டனின் அனுபவம் இதை அருகிலிருந்து காட்டுகிறது. 1722 ஜூன் மாதம் நோவா ஸ்கோஷியாவின் போர்ட் ரோஸ்வே துறையில் அவருடைய மீன்பிடிக் கப்பலை எட்வர்ட் லோ என்னும் கொள்ளையர் பிடித்தார். லோ கொடுமைக்குப் பெயர்போனவர். ஆனால் தன் மனைவி இறந்து, சிறு மகளைப் பாஸ்டனில் விட்டு வந்தவர் என்பதால், திருமணமானவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற வழக்கம் அவரிடம் இருந்தது. கைத்துப்பாக்கியோடு வந்து, உங்களில் யாருக்குத் திருமணமாகியிருக்கிறது என்று கேட்டார். என்ன பதில் சொன்னால் உயிர் தங்கும் என்று தெரியாமல் எல்லோரும் வாயடைத்து நின்றனர். சினம் கொண்ட லோ ஆஷ்டனின் தலையில் துப்பாக்கியை அழுத்தி, பதில் சொல்லாவிட்டால் சுட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தார். தனக்கு மணமாகவில்லை என்று ஆஷ்டன் உண்மையைச் சொன்னார். பொய் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கொள்ளையர் உடன்படிக்கையில் கையெழுத்திட ஆஷ்டன் மறுத்துக்கொண்டே இருந்தார். 1723 மார்ச்சில் ஹோண்டுராஸ் வளைகுடாவின் ரோவட்டான் தீவில் பீப்பாய்களில் தண்ணீர் பிடிக்கச் சென்ற படகில் தானும் தொற்றிக்கொண்டு, தேங்காய் பொறுக்குவதாகப் போக்குக்காட்டிக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார். காலில் செருப்பில்லை, கையில் கத்தியில்லை, நெருப்பு மூட்ட வழியில்லை. பழங்களையும் ஆமை முட்டைகளையும் பச்சையாகத் தின்று பல மாதங்கள் தனியே பிழைத்திருந்து, 1725 மே மாதம்தான் ஊர் திரும்பினார்.

எல்லோருக்கும் இப்படித் துப்பாக்கிமுனை மிரட்டல் வாய்க்கவில்லை. சிலரை ஆளில்லாத் தீவில் இறக்கிவிடுவோம் என்றனர்; சிலரைப் பட்டினி போட்டனர்; சிலரை வெறுமனே திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டனர். இந்தக் கடைசி வகைதான் நீதிபதிகளுக்கு அதிகத் தலைவலியைத் தந்தது.

இவ்வழக்குகளை யார் விசாரித்தார்கள்? ஜூரி இருந்ததா?

இடத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 1536ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கடற்கொள்ளை வழக்குகள் ஜூரியின் முன் நடந்தன. அதற்கு முன் இருந்த கடல்சார் நீதிமுறையில், குற்றவாளியே ஒப்புக்கொண்டாலோ நேரில் கண்ட சாட்சிகள் இருந்தாலோ மட்டுமே மரண தண்டனை விதிக்க முடியும். கொள்ளையரோ சாட்சிகளைக் கொன்று கடலில் வீசிவிடுவதால் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் பாஸ்டனிலோ ஜமைக்காவிலோ பிடிபட்டவர்களை லண்டன்வரை கொண்டுசெல்வது செலவும் தாமதமும் பிடித்த வேலை. ஆகவே 1698ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைச் சட்டம், குடியேற்ற நாடுகளிலேயே ஏழு ஆணையர்கள் கூடி ஜூரி இல்லாமல் விசாரித்துத் தூக்கிலிட வழிசெய்தது. ஆளுநர், கடற்படைக் கேப்டன், வணிக நிறுவனத்தின் கோட்டைத் தலைவர் போன்றவர்களே அந்த ஏழு பேர். இச்சட்டத்தின் கீழ் இங்கிலாந்துக்கு வெளியே நடந்த முதல் விசாரணை 1704இல் பாஸ்டனில் ஜான் குவெல்ச் மீது நடந்தது.

அக்காலத்தில் கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஜூரியிடம் வாதிட வழக்கறிஞருக்கு இங்கிலாந்தில் உரிமை கிடையாது. அந்த உரிமை 1836இல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமி தன் அச்சத்தைத் தானே விளக்க வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த விசாரணைப் பதிவுகளைப் படிக்க வேண்டும்.

"மிரட்டியதால் செய்தேன்" என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டதா?

கொள்கையளவில் ஏற்றது, ஆனால் வாசல் குறுகலானது. 1419இல் ஜான் ஓல்ட்காசில் என்பவரின் கலகப் படைக்கு உணவு கொடுத்தவர்கள், சாவுக்கு அஞ்சிக் கொடுத்ததாலும் முடிந்தவுடனே விலகிவிட்டதாலும் குற்றமற்றவர்கள் எனத் தீர்க்கப்பட்டது. இந்தப் பழைய தீர்ப்பில் உள்ள இரண்டாவது நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: அஞ்சினாய், சரி; விலக முடிந்தபோது விலகினாயா? 1746இல் ஸ்காட்லாந்துக் கலகம் தொடர்பான ஒரு வழக்கில் இது இன்னும் கெட்டியாக்கப்பட்டது. வீட்டைக் கொளுத்துவார்கள், மாட்டை ஓட்டிச் செல்வார்கள் என்ற அச்சம் போதாது. உடனடி மரணத்தைப் பற்றிய அச்சமே வேண்டும், அதுவும் கலகக்காரர்களோடு இருந்த காலம் முழுவதும் நீடித்திருக்க வேண்டும் என்றனர்.

எவரியின் ஆட்கள் மீதான 1696ஆம் ஆண்டு வழக்கில் வில்லியம் மே, வில்லியம் பிஷப் ஆகியோர் தாங்கள் விரும்பிப் போகவில்லை என்றனர். அரசுத் தரப்பு அந்தப் படகைச் சுட்டிக்காட்டியது. ஏறத்தாழ 17 பேர் அதில் இறங்கிப் போனார்களே, நீங்கள் ஏன் போகவில்லை? அந்தப் படகின் கதையும் அவ்வளவு எளிதல்ல. இரவு நேரம், நடுக்கடல், படகோ ஒழுகியது. தண்ணீரை இறைத்து ஊற்ற ஒரு வாளியாவது கொடுங்கள் என்று படகில் இருந்தவர்கள் கத்திக் கேட்டதாக விசாரணையிலேயே பதிவாகியிருக்கிறது. ஒழுகும் படகில் இறங்கத் துணியாதது குற்றத்துக்கான சம்மதமா என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு. நீதிமன்றத்துக்கு அந்த ஐயம் எழவில்லை. அவ்விருவரும் மேலும் மூவரும் 1696 நவம்பர் 25 அன்று தூக்கிலிடப்பட்டனர்.

உண்மையில் கட்டாயத்துக்கு ஆளானவரையும் அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவரையும் நீதிமன்றம் எப்படிப் பிரித்தது?

இதற்கு மிகத் தெளிவான பதில், இன்றைய கானா நாட்டிலுள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் 1722ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்த விசாரணையில் கிடைக்கிறது. அவ்வாண்டு பிப்ரவரி 10 அன்று லோப்பஸ் முனை அருகே 'ஸ்வாலோ' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் சலோனர் ஓகிள் தலைமையில் ராபர்ட்ஸின் கப்பலைத் தாக்கியது, ராபர்ட்ஸ் கொல்லப்பட்டார். சில நாள் முன்பே பிடிபட்ட அவருடைய துணைக் கப்பலின் ஆட்களையும் சேர்த்து 165 பேர் நீதிமன்றத்தின் முன் நின்றனர். ஏறக்குறைய அனைவரும் ஒரே குரலில் தாங்கள் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் என்றனர்.

தனித்தனியாக ஒவ்வொரு கொள்ளையையும் நிரூபிக்கப் போதிய சாட்சிகள் அந்தக் கரையில் இல்லை. ஆகவே ஒருவரைக் கொள்ளையர் என்று முடிவுகட்ட மூன்று நிலைமைகளை ஆணையர்கள் வகுத்துக்கொண்டனர். முதலில் சேரும்போதே விரும்பிச் சேர்ந்தாரா? ஏதேனும் ஒரு கப்பலைப் பிடிக்கவோ கொள்ளையிடவோ விரும்பிச் சென்றாரா? மற்றவர்கள் கொள்ளையிட்டதில் விரும்பிப் பங்கு வாங்கினாரா?

இவற்றுள் முதல் கேள்வி மட்டுமே பிடிபட்ட நாளைப் பற்றியது. மற்ற இரண்டும் அதற்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றியவை. தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டதை நிரூபித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நம்பி வந்தவர்களுக்கு இதுதான் பேரிடியாக அமைந்தது. துப்பாக்கியை எடுத்த பின் நீ என்ன செய்தாய் என்பதே நீதிமன்றத்தின் உண்மையான கேள்வி.

முடிவில் 74 பேர் விடுவிக்கப்பட்டனர். 52 பேர் தூக்கிலிடப்பட்டனர். 20 பேர் அரச ஆப்பிரிக்க நிறுவனத்தின் கீழ் ஏழாண்டுக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். 17 பேர் லண்டன் மார்ஷல்ஸீ சிறைக்கும், இருவர் அரசரின் கருணைக்கும் விடப்பட்டனர். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களின் வாதம் ஏற்கப்பட்டது என்பது, கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் தூக்கிலிட்டார்கள் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறானது.

பங்கு வாங்கியது ஏன் அவ்வளவு பெரிய சான்றாகக் கருதப்பட்டது?

பணம் எண்ணிக் கொடுக்கப்படும் இடத்தில் சாட்சிகள் இருப்பார்கள் என்பது நடைமுறைக் காரணம். பங்கு பிரிப்பது கொள்ளையர் உடன்படிக்கையின் உயிர்நாடி. குவார்ட்டர்மாஸ்டர், அதாவது பொருள்களையும் பங்கையும் கவனிக்கும் கப்பல் அதிகாரி, எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார். வாங்கியவரை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பங்கை மறுப்பவன் ஒருநாள் தங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்பது கொள்ளையருக்குத் தெரியாதா? கொலைகாரர்கள் சூழ நிற்க, எனக்கு வேண்டாம் என்று சொல்வதற்குத் தேவைப்படும் துணிச்சலைச் சாதாரண மனிதனிடம் எதிர்பார்க்க முடியுமா? இந்த வாதத்தைப் பலர் முன்வைத்தனர். பங்கை வாங்கி அப்படியே வைத்திருந்தவர், பிடிபட்ட தன் பழைய கேப்டனிடம் இரகசியமாகக் கொடுத்துவிட்டவர் போன்றோர்மீது நீதிமன்றங்கள் சற்று இரக்கம் காட்டின. குடித்தும் சூதாடியும் தீர்த்தவருக்கு அந்த வாய்ப்பில்லை.

கப்பலில் ஏறிக் கொள்ளையிடப் போனதிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. ராபர்ட்ஸின் கப்பலில் பட்டியல் வைத்து முறைப்படி ஆட்களை அழைத்தனர். முறை வந்தது, போனேன் என்றனர் சிலர். ஆனால் அப்படிப் போகிறவருக்குத் தன் பங்குக்கு மேல் ஒரு மாற்றுடுப்பும் கிடைக்கும் என்பதால், முறை வந்தபோது பின்வாங்கியவர்களைவிட முந்திக்கொண்டு ஓடியவர்களே அதிகம் என்று சாட்சிகள் கூறினர்.

மருத்துவர், தச்சர், வாத்தியக்காரர் ஆகியோர் எளிதாகத் தப்பினார்களா?

பொதுவாக ஆம். அவர்களை ஏன் பிடித்தார்கள் என்பதை நீதிமன்றத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கேப் கோஸ்டில் ராபர்ட்ஸின் வாத்தியக்காரர்கள் விடுவிக்கப்பட்டனர். கொள்ளையர் கேட்ட நேரமெல்லாம் வாசிக்க வேண்டும், ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும். சோர்ந்து உட்கார்ந்தால் சில நாள் வயலின் உடையும், பல நாள் மண்டை உடையும் என்பதாக அவர்கள் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது.

1717 ஏப்ரல் 26 அன்று சாமுவேல் பெல்லாமி என்னும் கொள்ளையரின் 'விடா' கப்பல் கேப் காட் கரையில் புயலில் சிக்கி உடைந்தபோது, அதிலிருந்து உயிர்தப்பிய இருவருள் ஒருவர் தாமஸ் டேவிஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இளந்தச்சர். தன்னை விட்டுவிடும்படி அவர் கெஞ்சியபோது, பெல்லாமி முடிவைக் கூட்டத்திடம் விட்டார். போகவிடுவதைவிடச் சுட்டுவிடுவோம், அல்லது பாய்மரத்தில் கட்டி அடித்தே கொன்றுவிடுவோம் என்று கூட்டம் சொல்லிவிட்டது. தச்சர் என்பதால்தான் அவ்வளவு பிடிவாதம். பாஸ்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

தொழில் தெரிந்தவர் என்பது மட்டும் கவசம் ஆகவில்லை என்பதற்கு பீட்டர் ஸ்கடமோர் சான்று. அவரும் மருத்துவர்தான்; கலபாரில் பிடிபட்டவர். ஆனால் கொள்ளையர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட முதல் மருத்துவர் தான்தான் என்று பெருமை பேசியதைப் பலர் கேட்டிருந்தனர். பிடிபட்ட பிறகும் கப்பலில் இருந்த ஆப்பிரிக்கர்களைச் சேர்த்துக்கொண்டு கலகம் செய்யத் திட்டமிட்டார். அவர் தூக்கிலிடப்பட்டார்.

தப்பிக்க முயன்று தோற்றவர்களின் நிலை என்ன?

நீதிமன்றத்தில் அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அதைச் சம்பாதிக்கும் விலை அதிகம். ராபர்ட்ஸின் கப்பலில் வழிகாட்டி அதிகாரியாக இருந்த ஹாரி கிளாஸ்பி 1720இல் 'சாமுவேல்' என்ற கப்பலிலிருந்து பிடிக்கப்பட்டவர். அவர் வேறு இருவரோடு தப்பியோடி அகப்பட்டபோது, கொள்ளையரே ஒரு நீதிமன்றம் கூட்டினர். நடுவில் ஒரு பாத்திரம் நிறைய மது, நீதிபதிகள் வாயில் புகைக்குழாய். அந்த நீதிபதிகளில் ஒருவரான வாலண்டைன் ஆஷ்பிளாண்ட், கிளாஸ்பி சாகக் கூடாது என்று துப்பாக்கியைக் காட்டி அடம்பிடித்ததால் அவர் பிழைத்தார். மற்ற இருவருக்கும் அப்படி ஒரு நண்பர் இல்லை, சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கேப் கோஸ்டில் கிளாஸ்பி விடுவிக்கப்பட்டார். பிடிபட்டவர்களைத் துன்புறுத்தாமல் காத்ததையும், அவர்களுடைய பொருள்களைத் திருப்பிக் கொடுக்க முயன்றதையும் பலர் முன்வந்து சொன்னார்கள். பின்னர் அவருடைய சாட்சியமே மற்றவர்கள் பலருக்கு வாழ்வாகவும் சாவாகவும் அமைந்தது.

பிடிபட்டதைப் பத்திரிகையில் விளம்பரம் செய்தால் போதுமா?

இப்படி ஒரு வழக்கம் இருந்தது. கட்டாயமாக இழுத்துச் செல்லப்படும் மாலுமி, விடுவிக்கப்பட்டுத் திரும்பும் தன் கேப்டனிடம், இதை ஊருக்குத் தெரிவியுங்கள் என்று வேண்டிக்கொள்வான். கேப்டன் அதிகாரி ஒருவர் முன் சத்தியப் பத்திரம் எழுதுவார். பாஸ்டன் பத்திரிகையில் பெயர்களோடு அறிவிப்பு வரும். என்றாவது பிடிபட்டால் இந்தத் துண்டுக் காகிதம் கயிற்றிலிருந்து காப்பாற்றும் என்பது நம்பிக்கை.

மார்பிள்ஹெட்டைச் சேர்ந்த ஜோசப் லிபி இதற்குப் பாடமானார். ஆஷ்டன் பிடிபட்ட அதே நாட்களில், அதே துறையில், அதே லோவிடம் அகப்பட்டவர், ஒரே ஊர்க்காரர். 1723 ஜூன் 10 அன்று 'கிரேஹவுண்ட்' போர்க்கப்பல் லோவின் துணைக் கப்பலைப் பிடித்தபோது லிபி அதில் இருந்தார், லோ தப்பிவிட்டார். ஜூலையில் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் 36 பேர்மீது விசாரணை நடந்தது. தான் கட்டாயப்படுத்தப்பட்டவன் என்று சொன்ன லிபி, அதைத் தெரிவிக்கும் விளம்பரத்தையும் எடுத்துக் காட்டினார். அந்த விளம்பரம் பொய்யல்ல. ஆனால் அவர் கைப்பற்றப்பட்ட கப்பல்களில் ஏறிக் கொள்ளையிடுவதில் முனைப்பாக இருந்தார் என்று சாட்சிகள் சொன்னார்கள். விளம்பரம் 1722 ஜூனைப் பற்றிப் பேசியது. சாட்சிகள் அதற்குப் பிந்திய ஓராண்டைப் பற்றிப் பேசினர். 1723 ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்ட 26 பேருள் லிபியும் ஒருவர். அந்நேரம் ஆஷ்டன் ரோவட்டான் தீவில் செருப்பில்லாத காலோடு திரிந்துகொண்டிருந்தார். லிபிக்கு அப்போது 21 வயது.

பிடித்து வைத்தவர்களையே எதிர்த்துக் கொன்றவர்களை நீதிமன்றம் என்ன செய்தது?

விடுவித்தது, ஆனால் விசாரித்த பிறகுதான். மீனவர் ஜான் பில்மோர் 1723இல் நியூஃபவுண்ட்லாந்து அருகே ஜான் பிலிப்ஸ் என்ற கொள்ளையரிடம் சிக்கினார். தச்சர் எட்வர்ட் சீஸ்மனும் அங்கே கட்டாயத்தில் இருந்தார். 1724 ஏப்ரலில் ஆண்ட்ரூ ஹாரடன் என்பவர் தன் புதுக் கப்பலோடு பிடிபட்டதும் மூவரும் சேர்ந்து திட்டமிட்டனர். மரவேலை இருப்பதாகச் சொல்லிச் சீஸ்மன் கோடரி, வாய்ச்சி, சுத்தி ஆகியவற்றை மேல்தளத்தில் பரப்பி வைத்தார். தச்சர் கருவிகளோடு உட்கார்ந்திருப்பதை யார் சந்தேகிப்பார்கள்? ஏப்ரல் 18 அன்று நண்பகலில் சீஸ்மன், நட் என்னும் வழிகாட்டி அதிகாரியைக் கடலில் தூக்கியெறிந்தார். பில்மோர் கோடரியை எடுத்தார். பிலிப்ஸும் அந்தத் தச்சுக் கருவிகளாலேயே கொல்லப்பட்டார். அவருடைய தலையை உப்பிலிட்டுப் பாஸ்டனுக்குக் கொண்டுவந்தனர்.

இவ்வளவுக்குப் பிறகும் மே மாதத்தில் பில்மோரும் சீஸ்மனும் குற்றவாளிக் கூண்டில் நின்று, விடுவிக்கப்பட்ட பின்பே மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். இருவர் ஜூன் 2 அன்று தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்காவின் 13ஆம் குடியரசுத் தலைவர் மில்லார்ட் பில்மோர் இந்த ஜான் பில்மோரின் கொள்ளுப்பேரன் என்பது கொசுறுச் செய்தி. 1726இல் வில்லியம் ஃபிளை என்ற கொள்ளையரையும் வில்லியம் அட்கின்சன் தலைமையில் கட்டாய ஆட்களே மடக்கிப் பிடித்துப் பாஸ்டனில் ஒப்படைத்தனர்.

சிறிது நேரம் மட்டும் கொள்ளையரோடு இருந்தாலும் தண்டனை உண்டா?

ஜமைக்காவில் ஒன்பது பேருக்கு அது நேர்ந்தது. 1720 அக்டோபரில் ஆமை பிடிக்கப் படகில் வந்த அவர்களை ஜான் ராக்கம் என்னும் கொள்ளையர் மது குடிக்கத் தன் கப்பலுக்கு அழைத்தார். ஏறிய சிறிது நேரத்தில் அரசுத் தரப்புக் கப்பல் தென்பட்டது. நங்கூரம் தூக்கவும் துடுப்புப் போடவும் தங்களைக் கட்டாயப்படுத்தினர் என்றனர் ஒன்பது பேரும். ஆனால் அவர்கள் துப்பாக்கியும் வாளும் ஏந்தி ஏறியதையும், கப்பல் தப்பியோட உதவியதையும் கப்பலில் கட்டாயமாக வைக்கப்பட்டிருந்த இரு பிரெஞ்சுக்காரர்கள் கண்டு சாட்சி கூறினர். ஒன்பது பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஆறு பேர் 1721இல் தூக்கிலிடப்பட்டனர். நான் படித்தவற்றுள் மிகக் கடுமையான தீர்ப்பு இதுவே.

சிறுவர்களுக்குச் சலுகை இருந்ததா?

ஓரளவு. 1701இல் வில்லியம் கிட் என்னும் கொள்ளைக் கேப்டன் மீதும் அவருடைய ஆட்கள் மீதும் நடந்த வழக்கில் மூவர் மட்டும் விடுவிக்கப்பட்டனர். மூவருமே கப்பலில் இருந்த வேறொருவரிடம் பணியாளாகவோ தொழில் பழகுபவராகவோ இருந்த இளைஞர்கள். எசமானன் போன இடத்துக்குப் போனவர்கள் என்று சட்டம் அவர்களைக் கருதியது. நியூபோர்ட்டில் இளைஞர் ஒருவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டும் கருணைக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

கறுப்பின மாலுமிகள் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொன்னால் ஏற்கப்பட்டதா?

பெரும்பாலும் அவர்களிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. ராபர்ட்ஸின் கப்பல்களில் ஏறத்தாழ 70 ஆப்பிரிக்கர்கள் இருந்தனர். 165 வெள்ளையரின் விருப்பத்தையும் விருப்பமின்மையையும் நாள்கணக்கில் அலசிய அதே இடத்தில், இவர்கள் விசாரணையின்றி அடிமைகளாக விற்கப்பட்டனர். விடா கப்பலிலிருந்து தப்பிய மற்றொருவரான ஜான் ஜூலியன் மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ பழங்குடியினத்தவர். தாமஸ் டேவிஸை விசாரித்த நீதிமன்றத்தின் முன் அவர் நிறுத்தப்படவே இல்லை. குற்றவாளி என்று தூக்கிலிட்டாலும், அந்த மனிதனுக்கு ஒரு மனம் இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகே தூக்கிலிடுகிறார்கள். இவர்களுக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

இந்தத் தீர்ப்புகள் நியாயமானவையா?

அளவுகோல் நியாயமானது, அதைப் பிடித்த கைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. வாயால் சொல்வதை விட்டுவிட்டு நடத்தையைப் பார்ப்பது சரிதான்; ஏனெனில் பொய்யும் நிறைய இருந்தது. தாமே விரும்பிச் சேர்ந்துவிட்டு, பழைய கேப்டன் பார்க்கும்படி தங்களைப் பிடித்து இழுத்து அடிப்பதுபோல் நடியுங்கள் என்று கொள்ளையரைக் கேட்டுக்கொண்டவர்களும் உண்டு.

ஆனால் நடத்தையைச் சொல்ல ஆள் வேண்டும். தாமஸ் சவுத் என்பவர் பெல்லாமியின் ஆட்களோடு பிடிபட்டுப் பாஸ்டனில் விடுவிக்கப்பட்டதற்குக் காரணம், கொள்ளையரால் பிடிக்கப்பட்ட 'மேரி ஆன்' கப்பலின் மாலுமிகள் அவர் ஆயுதமின்றி, மரியாதையாக நடந்துகொண்டதாகவும், ஓடிவிட எண்ணியிருப்பதாகத் தங்களிடம் சொன்னதாகவும் சாட்சி கூறியதுதான். அதே கப்பலில் பீப்பாய் மதுவைத் திறந்து குடித்த மற்ற ஆறு பேரும் 1717 நவம்பர் 15 அன்று தூக்கிலிடப்பட்டனர். சவுத் அன்று மனத்துக்குள்ளேயே அழுதிருந்தால் ஏழாவது ஆளாகியிருப்பார். மேலும், அதே காலத்தில் தெருவில் நடந்து போகும் மாலுமிகளைத் தடியால் அடித்துப் போர்க்கப்பலில் ஏற்றிக்கொண்ட கடற்படையின் கேப்டன்களே, கட்டாயம் என்றால் என்ன என்று முடிவுசெய்யும் ஆணையர்களாகவும் அமர்ந்திருந்தனர்.

இன்றைய சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல்சார் சட்ட உடன்படிக்கையின் 101ஆம் பிரிவு, கொள்ளைக் கப்பல் என்று அறிந்தும் அதை இயக்குவதில் விரும்பிப் பங்கேற்பதையும் கடற்கொள்ளை என்கிறது. கேப் கோஸ்டில் மூன்று முறை வந்த அந்த 'விரும்பி' என்ற சொல் இங்கும் இருக்கிறது. சோமாலியக் கொள்ளையர் மீன்பிடிப் படகுகளையும் சரக்கு மரக்கலங்களையும் பிடித்து, அவற்றின் ஊழியர்களையே ஓட்டவைத்துத் தாய்க்கப்பலாகப் பயன்படுத்தியபோது, யார் கொள்ளையர், யார் பிணையாளி என்று பிரிக்க வேண்டிய நிலை கடற்படைகளுக்கு மீண்டும் ஏற்பட்டது. இந்தியா 2022இல் கடற்கொள்ளைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

மிரட்டலுக்கு உட்பட்டுச் செய்யும் குற்றம் பற்றிய பொதுவிதி, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவில் இருக்கிறது. உடனடி மரண அச்சம் வேண்டும். கொலைக்கு அது விலக்கு ஆகாது. அதில் இரண்டு விளக்கங்கள் உண்டு. கூட்டத்தின் குணம் அறிந்தே ஒரு கொள்ளைக் கூட்டத்தில் தானாகச் சேர்ந்தவனுக்குப் பின்னர் வரும் மிரட்டல் உதவாது என்பது ஒன்று. மற்றொன்றில் ஒரு கொல்லர் வருகிறார்: கூட்டத்தினர் பிடித்து, கருவிகளை எடுத்துவரச் செய்து, கொன்றுவிடுவதாக மிரட்டி ஒரு வீட்டுக் கதவை உடைக்கவைத்தால், அந்தக் கொல்லர் குற்றவாளி அல்லர். தாமஸ் டேவிஸை இந்தக் கொல்லரின் இடத்தில் அப்படியே வைக்கலாம். ஜோசப் லிபிக்கு அது பொருந்துமா என்பதை, அவர் உடைத்த ஒவ்வொரு கதவின்போதும் அருகில் யார் துப்பாக்கியோடு நின்றார்கள் என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்; நியூபோர்ட்டில் மூன்றே நாளில் 36 பேரை விசாரித்து முடித்தார்கள்.